திரைக்கு எழுதப் பயின்ற ஓர் இளைஞர்

திரைப்படம் பார்ப்போர் பலர். நடிப்பைப் பாராட்டுவோர், பாட்டை முணுமுணுப்போர், காட்சியமைப்பைக் கண்டு வியப்போர் எனப் பலரையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆனால், அந்தப் படம் திரையில் ஓடுவதற்கு நெடுநாள் முன்பே ஒருவர் தனித்திருந்து அதனைத் தாளில் எழுதிப் பார்த்திருக்கிறார் என்பதை எண்ணுவோர் சிலரே. அவ்வாறு எழுதப்படுவதையே திரைக்கதை என்கிறோம். அதனை எழுதுகின்றவர் எவ்வாறு உருவாகிறார்? எவற்றிலிருந்து ஊக்கம் பெறுகிறார்? எம்முறையில் எழுதுகிறார்? எதனை அடைய விரும்பி எழுதுகிறார்? இவ்வினாக்களுக்கு ஓர் இளைஞரின் வரலாற்றைக்கொண்டு விடை காண முயல்வதே இப்பேச்சின் நோக்கம்.

கதை வேறு, திரைக்கதை வேறு. இவ்வேறுபாட்டை முதலில் தெளிந்துகொள்ளுதல் நலம். நாவலாசிரியர், 'அவன் உள்ளத்தில் பொறாமை எழுந்தது' என ஒரே வரியில் எழுதி மேலே செல்லலாம். படிப்பவரும் அதனை ஏற்றுக்கொள்வர். காமிராவுக்கோ உள்ளத்தைக் காணும் ஆற்றல் இல்லை. அது முகத்தைக் காணும். கை நடுங்குவதைக் காணும். கதவு தாழிடப்படுவதைக் காணும். ஆகவே, பொறாமை என்னும் உணர்ச்சியைக் கண்ணாற் காணத்தக்க ஒரு செயலாகவோ, காதாற் கேட்கத்தக்க ஓர் ஒலியாகவோ மாற்றித் தருதல் திரைக்கதை ஆசிரியரின் முதற் கடமையாகிறது. நாடகாசிரியர் பெரும்பாலும் பேச்சைக்கொண்டே கதையை நடத்துவார். திரைக்கு எழுதுவோரோ பேச்சை உணவில் உப்பைச் சேர்ப்பதுபோல் அளவறிந்து சேர்த்தல் வேண்டும். எக்காட்சிக்குப் பின் எக்காட்சி வருதல் வேண்டும், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்றல் வேண்டும் என்பவற்றையும் அவர் முன்னரே கணக்கிடவேண்டும். கட்டடத்திற்கு வரைபடம் எவ்வாறோ, படத்திற்குத் திரைக்கதை அவ்வாறு.

நான் பல ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றியவன். சினிமாவுக்கு எழுதவேண்டும் என்னும் ஆர்வத்துடன் பழைய மாணவர் சிலர் என்னைக் காண வருவதுண்டு. "ஐயா, என்னிடம் நல்ல கதை ஒன்று இருக்கிறது, அதை யாரிடம் கொடுத்தால் படமாகும்?" என்றே பெரும்பாலோர் கேட்பர். "இதுவரை எத்தனை திரைக்கதைகள் எழுதிப் பார்த்திருக்கிறாய், தம்பி?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பலரிடமிருந்து விடை வருவதில்லை. வீணை கற்பவன் அரங்கேறுமுன் பல ஆண்டுகள் வீட்டில் வாசித்துப் பழகுகிறான். ஓவியன் நூற்றுக்கணக்கான தாள்களில் கிறுக்கிக் கிழித்தெறிகிறான். திரைக்கு எழுதுதலும் அத்தகைய பயிற்சியை வேண்டி நிற்பது என்பதை அவ்விளைஞர்களுக்கு எடுத்துரைக்க நான் கூறுவது சத்யஜித் ரே அவர்களின் இளமை வரலாறு.

சத்யஜித் ரே 1921-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். அவருடைய பாட்டனார் உபேந்திரகிஷோர் குழந்தைகளுக்காக எழுதியவர், ஓவியர், அச்சுக் கலையில் வல்லவர். 'சந்தேஷ்' என்னும் குழந்தைகள் இதழை 1913-இல் தொடங்கியவர் அவரே. தந்தையார் சுகுமார் ராய், வேடிக்கைப் பாடல்களால் வங்கச் சிறுவர் உள்ளங்களில் நிலைத்த இடம் பெற்றவர். அவர் 1923-இல் மறைந்தபோது சத்யஜித்துக்கு வயது மூன்றுகூட நிரம்பவில்லை. குடும்பத்தின் அச்சகமும் பின்னர்க் கைவிட்டுப் போயிற்று. தாயார் சுப்ரபாதான் உழைத்து மகனை வளர்த்தார். எழுத்தும் ஓவியமும் ஒருங்கே விளங்கிய குடும்பம் அது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். பிற்காலத்தில் ரே எழுதிய திரைக்கதைகளில் சொல்லும் சித்திரமும் பிரியாது நின்றமைக்கு அக்குடும்ப மரபும் ஒரு காரணமாகும்.

கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் பொருளாதாரம் பயின்று பட்டம் பெற்றபின், தாயாரின் விருப்பத்திற்கு இணங்கி, ரே 1940-இல் சாந்திநிகேதனத்தில் ஓவியம் பயிலச் சென்றார். நந்தலால் போஸ், வினோத்பிஹாரி முகர்ஜி ஆகியோர் அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தனர். ஒரு மரத்தையோ மாட்டையோ வரையுமுன் அதனை நெடுநேரம் உற்றுநோக்கவேண்டும் என்னும் பாடத்தை அவர் அங்கே கற்றார். நகரத்திலேயே வளர்ந்த அவருக்கு வங்கத்துச் சிற்றூர் வாழ்வின் அறிமுகமும் அங்கேதான் கிடைத்தது. அந்நிலையத்து நூலகத்தில் திரைப்படக் கலையைப் பற்றிய சில ஆங்கில நூல்கள் இருந்தன. அவற்றையும் அவர் ஆர்வத்துடன் படித்தார். தமக்கு ஓவியராகும் ஆற்றல் போதாது எனத் தோன்றவே, படிப்பை முடிக்காமலே 1942-இன் இறுதியில் கல்கத்தாவுக்குத் திரும்பினார்.

அடுத்த ஆண்டு, கல்கத்தாவிலிருந்த ஆங்கிலேய விளம்பர நிறுவனம் ஒன்றில் படம் வரையும் வேலை அவருக்குக் கிடைத்தது. மாதச் சம்பளம் 80 ரூபாய். அத்துடன், ஸிக்னெட் பிரஸ் என்னும் பதிப்பகத்தின் நூல்களுக்கு அட்டைப்படங்களும் உட்படங்களும் வரைந்து கொடுத்தார். அவ்வாறு அவர் கைக்கு வந்த நூல்களில் ஒன்று, விபூதிபூஷண் பந்த்யோபாத்யாயர் எழுதிய 'பதேர் பாஞ்சாலி' நாவலைச் சிறுவர்க்கெனச் சுருக்கிய பதிப்பு. மாங்கொட்டை ஊதல் என்னும் பொருள்படும் தலைப்பு அதற்கு இடப்பட்டிருந்தது. அதற்குப் படம் வரைவதற்காகத்தான் ரே அக்கதையில் ஆழ்ந்தார். எழுத்தில் உள்ள காட்சியைக் கோட்டில் கொண்டுவருவது எவ்வாறு என்று சிந்தித்த வேளையில், அதனைத் திரையில் கொண்டுவரலாம் என்னும் எண்ணமும் அவருள் வித்தாக விழுந்தது.

இனி, அவர் மேற்கொண்ட பயிற்சியைக் கூறுகிறேன். மாணவர்கள் இப்பகுதியைக் கூர்ந்து கவனிக்க வேண்டுகிறேன். ஒரு வங்க நாவலோ சிறுகதையோ திரைப்படமாகப் போகிறது என்ற செய்தி வந்தவுடன், ரே அம்மூலக் கதையை எடுத்துவைத்துக்கொண்டு தாமே அதற்கு ஒரு திரைக்கதை எழுதுவார். எவரும் அவரைக் கேட்டதில்லை. எவரும் அதற்கு ஊதியம் அளிக்கவும் இல்லை. பின்னர், அப்படம் வெளிவந்ததும் சென்று பார்த்து, தாம் எழுதியதும் பிறர் எழுதியதும் எங்கெங்கே ஒத்தன, எங்கெங்கே வேறுபட்டன, எது சிறந்தது என ஒப்பிட்டு நோக்குவார். பொழுதுபோக்காகத் தொடங்கிய அப்பழக்கம் அவருக்கு ஒரு கல்விமுறையாகவே அமைந்தது. கணக்கை முதலில் தானே போட்டுப் பார்த்து, பிறகே புத்தகத்தின் கடைசிப் பக்கத்து விடையோடு ஒப்பிடும் மாணவனைப் போன்றவர் அவர். முதலிலேயே விடையைப் பார்த்துவிடும் மாணவனுக்குக் கணக்கு வராது என்பதை ஆசிரியராக இருந்தோர் அனைவரும் அறிவர்.

படம் பார்க்கும் முறையிலும் அவர் மாணவராகவே இருந்தார். நல்ல படங்களை ஒரு முறைக்கு மேல் பார்ப்பார். இரண்டாம் முறை செல்லும்போது ஏடு ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று, கொட்டகை இருளில், காட்சிகள் எவ்விடத்தில் வெட்டி இணைக்கப்பட்டுள்ளன என்பதைக் குறித்துக்கொள்வார். 1947-இல் சிதானந்த தாஸ்குப்தா முதலிய நண்பர்களோடு சேர்ந்து கல்கத்தா திரைப்படச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தில் முதலில் காட்டப்பெற்ற படம், ருஷ்யக் கலைஞர் ஐஸன்ஸ்டீன் உருவாக்கிய 'பொடெம்கின் போர்க்கப்பல்'. மறு ஆண்டு, இந்தியப் படங்களின் குறைகளை ஆராய்ந்து, 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் ரே ஒரு கட்டுரை எழுதினார். திரைப்படத்திற்கு மூலப்பொருள் வாழ்க்கையே. கண்ணையும் காதையும் திறந்து வைத்திருப்பவனுக்கு இந்நாட்டில் பொருளுக்குப் பஞ்சமில்லை என்பதே அதன் சாரம். 27 வயது இளைஞர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட விதியாகவும் அதனை நாம் கொள்ளலாம்.

இக்காலத்தில்தான் அவருக்கு முதல் வாய்ப்பும் முதல் ஏமாற்றமும் ஒருங்கே வந்தன. ரவீந்திரநாத தாகூரின் 'கரே பாய்ரே' நாவலை நண்பர் ஒருவர் படமாக்க விரும்பினார். அதற்கு ரே திரைக்கதை எழுதினார். எழுதி முடித்தபின், பணம் போட வந்தவர் சில மாற்றங்கள் வேண்டுமென்றார். ரே அதற்கு இசையவில்லை. முயற்சி கைவிடப்பட்டது. அன்று அவருக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றியது. ஆனால், பல ஆண்டுகள் கழித்து, உலகம் அறிந்த கலைஞராகிவிட்ட பின்னர், அப்பழைய ஏட்டை எடுத்துப் படித்துப் பார்த்தார். அது ஆழமற்றதாகவும், அமெரிக்கப் படங்களின் போக்கைப் பின்பற்றியதாகவும் அவருக்குப் புலப்பட்டது. அன்று அது படமாகாமற்போனது தமக்கு நேர்ந்த நன்மையே என்று அவர் கருதினார். அதனை வெளிப்படையாக எழுதவும் செய்தார். அதே நாவலை அவர் 1984-இல் படமாக வெளியிட்டபோது, பழைய ஏட்டை ஒதுக்கிவிட்டுப் புதிதாகவே திரைக்கதை எழுதினார்.

இந்நிகழ்ச்சியில் இருவேறு பண்புகளைக் காண்கிறோம். பிறர் விருப்பத்திற்காகத் தம் எழுத்தை மாற்ற அவர் மறுத்தார். அதே வேளையில், தம் எழுத்தின் குறையைத் தாமே கண்டு அதனைத் தள்ளிவிடவும் தயங்கவில்லை. முன்னது உறுதி; பின்னது அடக்கம். உறுதி மட்டும் உடையவன் வளரமாட்டான். அடக்கம் மட்டும் உடையவனைப் பிறர் தம் விருப்பப்படி வளைத்துவிடுவர். இளம் எழுத்தாளருக்கு இரண்டும் வேண்டும்.

1949-இல் பிரெஞ்சுத் திரைப்பட மேதை ழான் ரெனுவார், 'ஆறு' என்னும் பொருள்படும் ஆங்கிலப் படம் ஒன்றை எடுக்கும் பொருட்டு, இடங்களைப் பார்வையிடக் கல்கத்தாவுக்கு வந்தார். ரே விடுமுறை நாட்களில் அவரோடு கிராமப்புறங்களுக்குச் சென்று இடங்களைக் காட்டினார். வங்கத்து வாழைத்தோப்பையும் குளக்கரையையும் அந்த வெளிநாட்டு மூதறிஞர் எத்துணைக் கூர்மையாக நோக்கினார் என்பதைக் கண்டு இளைஞர் வியந்தார். நாள்தோறும் நாம் கடந்து செல்லும் பொருள்களில் கதைக்கு உதவும் ஒரு சிறு பொருளைத் தேர்ந்தெடுக்கும் கண்ணே கலைஞனின் கண் என்பது அவருக்கு விளங்கிற்று. ஹாலிவுட்டின் பிடியிலிருந்து விடுபட்டால் இந்நாட்டில் சிறந்த படங்கள் உருவாகும் என ரெனுவார் கூறிய கருத்தும் அவர் நெஞ்சில் பதிந்தது. 'பதேர் பாஞ்சாலி'யைப் படமாக்கும் எண்ணத்தை ரே அவரிடம் கூறியபோது அவர் ஊக்கமளித்தார்.

மறு ஆண்டு, விளம்பர நிறுவனம் ரே அவர்களைத் தன் லண்டன் அலுவலகத்திற்கு அனுப்பியது. அங்கே ஏறக்குறைய ஐந்து மாதங்கள் தங்கி, சுமார் 100 படங்களை அவர் பார்த்தார். அவற்றுள் ஒன்று அவர் வாழ்க்கையின் திசையையே முடிவு செய்தது. அதுதான் இத்தாலியக் கலைஞர் டி ஸீக்கா 1948-இல் உருவாக்கிய 'சைக்கிள் திருடர்கள்'. அதன் திரைக்கதையை உருவாக்கியோருள் தலையாயவர் ஸெஸாரே ஸவாட்டீனி. போருக்குப்பின் ரோம் நகரத்தில் வேலையின்றி வாடும் ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. அவ்வேலைக்குச் சைக்கிள் இன்றியமையாதது. முதல் நாளே சைக்கிள் திருட்டுப் போகிறது. தந்தையும் சிறு மகனும் நகரமெங்கும் அதனைத் தேடி அலைகின்றனர். இறுதியில் தந்தையே மற்றொருவர் சைக்கிளைத் திருட முயன்று, மகன் கண்ணெதிரே பிடிபடுகிறான். கதை இவ்வளவே. மாளிகை இல்லை, புகழ்பெற்ற நடிகர் இல்லை, தெருக்களிலேயே பெரும்பாலும் எடுக்கப்பட்ட படம் அது. ஆயினும், பார்ப்பவர் நெஞ்சம் உருகுகிறது. பெரும் பொருட்செலவின்றி, பயிற்சி பெற்ற நடிகரின்றி, வாழ்வின் சிறு நிகழ்ச்சியைக்கொண்டே உயர்ந்த படத்தை உருவாக்கலாம் என்பதற்கு ரே தேடிய சான்று அங்கே கிடைத்தது. கப்பலில் தாயகம் திரும்பும் வழியிலேயே அவர் 'பதேர் பாஞ்சாலி'க்கான திரைவடிவத்தை எழுதத் தொடங்கிவிட்டார்.

இப்போது அவர் எழுதிய முறையைக் காண்போம். வியப்பு என்னவெனில், 'பதேர் பாஞ்சாலி'க்கு வழக்கமான முழுத் திரைக்கதை எழுதப்படவே இல்லை. குறிப்புகள் சில இருந்தன. நாவலிலிருந்து எடுத்துக்கொண்ட உரையாடல்கள் இருந்தன. இவற்றோடு ஒரு சித்திர ஏடும் இருந்தது. காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக மையினால் வரைந்து அவ்வேட்டை அவர் நிரப்பியிருந்தார். படம் எடுக்கப் பணம் தருவோரைத் தேடிச் சென்றபோது அந்த ஏட்டையே விரித்துக் காட்டி விளக்கினார். அது 2016-இல் நூலாகவும் வெளிவந்துள்ளது. அதில் வரையப்பட்டுள்ள சில காட்சிகளைப் படத்தோடு ஒப்பிட்டால், எழுதுகோலைப் பிடித்த கையே காமிராவுக்கும் வழிகாட்டியது என்பது விளங்கும்.

மூல நாவல் 1928-இல் தொடர்கதையாக வந்து, 1929-இல் நூலாயிற்று. வங்கத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் ஓர் ஏழைப் புரோகிதர், அவர் மனைவி சர்வஜயா, மகள் துர்க்கா, மகன் அபு, அவர்களை அண்டி வாழும் முதியவள் இந்திர் தாக்ரூன் ஆகியோரின் கதை அது. நாவலில் கதைமாந்தர் பலர், நிகழ்ச்சிகள் பல. திரைக்கதைக்கு அவற்றுள் பலவற்றைக் கைவிடல் வேண்டும். எதனைக் கைவிடுவது, எதனை வைத்துக்கொள்வது? சினிமா வழக்கப்படி, தளர்வாக ஓடும் கதையை இறுக்கிப் பின்னிவிடலாம். ரே அவ்வாறு செய்யவில்லை. ஏழைச் சிற்றூரின் வாழ்க்கையே ஒழுங்கான கதைபோல் ஓடுவதன்று. அத்தளர்ச்சியை அறவே நீக்கினால் உண்மையும் நீங்கிவிடும் என்று அவர் கருதினார். ஆகவே கதைமாந்தர் தொகையைக் குறைத்தார், நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுத்தார், நாவலின் நடையை மட்டும் காப்பாற்றினார்.

அவர் செய்த மாற்றங்கள் சிலவற்றைக் கூறினால் இது தெளிவாகும். நாவலில் முதியவள் இந்திர் தொடக்கப் பகுதியிலேயே இறந்துவிடுகிறாள். படத்திலோ அவள் இன்னும் சில காலம் வாழ்கிறாள். அபுவும் துர்க்காவும் அறிந்து அன்பு செலுத்தும் பாட்டியாக விளங்குகிறாள். பின்னர், மூங்கில் தோப்பில் அமர்ந்த நிலையிலேயே அவள் இறந்திருப்பதைச் சிறுவர் இருவருமே காண்கின்றனர். விளையாட்டாக அவளைத் தொட்டு அசைக்கும்போது அவள் சாய்ந்துவிழ, சாவு என்பது இன்னதென்று குழந்தைகள் முதன்முதல் உணர்கின்றனர். ஒரு மரணத்தைச் சற்றே தள்ளிவைத்ததால், நாவலில் செய்தியாக இருந்தது படத்தில் குழந்தைகளின் அனுபவமாகிவிட்டது.

இரண்டாவது, புகைவண்டிக் காட்சி. நாவலில் துர்க்கா புகைவண்டியைக் காணாமலே இறந்துபோகிறாள். படத்தில் அக்காளும் தம்பியும் வெண்பூ நாணற்காட்டின் நடுவே ஓடி, கரும்புகை கக்கிச் செல்லும் வண்டியைக் காண்கின்றனர். நெடுந்தொலைவிலுள்ள உலகம் அச்சிற்றூரின் எல்லையைத் தொட்டுச் செல்லும் அந்தக் கணத்திற்கு உரையாடல் தேவைப்படவில்லை.

மூன்றாவது, மணிமாலைக் காட்சி. அண்டை வீட்டார் தம் மணிமாலையைத் துர்க்கா திருடிவிட்டதாகக் குற்றம் சாட்டுகின்றனர், அவள் மறுக்கிறாள். பின்னர் மழையில் நனைந்து காய்ச்சல் கண்டு அவள் இறந்துவிடுகிறாள். குடும்பம் ஊரைவிட்டுப் புறப்படும் நாளில், பழம்பொருள்களை எடுத்துவைக்கும் அபுவின் கையில் அம்மாலை அகப்படுகிறது. அவன் எவரிடமும் சொல்லவில்லை. ஓடிச்சென்று அதனைக் குளத்தில் எறிகிறான். நீரை மூடியிருந்த பாசி சற்று விலகிப் பின் மெல்ல மீண்டும் கூடிவிடுகிறது. 'அக்காளின் மானத்தைத் தம்பி காத்தான்' என்று எழுத்தாளர் எழுதுவர். ரே அதனைப் பாசியின் அசைவில் எழுதினார். உள்ளத்தைக் கண்ணுக்குப் புலனாகும் செயலாக மாற்றுதல் என்று தொடக்கத்தில் கூறினேன் அல்லவா? அதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மற்றுமொன்று. வெளியூர் சென்றிருந்த தந்தை, மகள் இறந்ததை அறியாமல் வீடு திரும்புகிறார். வாங்கி வந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். இறுதியில் துர்க்காவுக்கென வாங்கிய சேலையை எடுத்துத் தருகிறார். அதுவரை அடக்கியிருந்த தாய் அப்போது கதறி அழுகிறாள். ஆனால் அக்கதறல் நம் காதில் விழுவதில்லை. அதன் இடத்தில் தார்ஷெனாய் என்னும் நரம்பிசைக் கருவியின் நாதமே ஒலிக்கிறது. துயரத்தின் உச்சியில் பேச்சு பயன்படாது என அறிந்தவர்க்கே அவ்விடத்தில் இவ்வாறு செய்யத் தோன்றும்.

இத்தகைய திரைவடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரே பட அதிபர்கள் பலரை அணுகினார். எவரும் முன்வரவில்லை. ஆயுள் காப்புப் பத்திரத்தின்மீது கடன் வாங்கியும் நண்பர்களிடம் பெற்றும் சிறிது பணம் சேர்த்து, 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் நாணற்காட்டுக் காட்சியோடு படப்பிடிப்பைத் தொடங்கினார். அடுத்த வாரம் சென்று பார்த்தபோது மாடுகள் அப்பூக்களை மேய்ந்துவிட்டிருந்தன! எஞ்சிய பகுதியை எடுக்க அடுத்த பருவம் வரை காத்திருக்க நேர்ந்தது. மனைவி விஜயாவின் நகைகளும் அடகுக்குச் சென்றன. பணமின்றி வேலை மாதக்கணக்கில் நின்றது. அக்காலமெல்லாம் ரே விளம்பர நிறுவனத்து வேலையை விட்டுவிடவில்லை என்பதையும் மாணவர்கள் கருத்திற் கொள்ளவேண்டும். வார விடுமுறை நாட்களிலேயே அவர் படமெடுத்தார். கனவைக் கைவிடவும் இல்லை. குடும்பத்தைப் பட்டினியிடவும் இல்லை.

திரைக்கதையில் தலையிட விரும்பியோரின் பணத்தை அவர் ஏற்க மறுத்தார். இறுதியில், முதலமைச்சர் பிதான் சந்திர ராயின் ஆதரவால் மேற்கு வங்க அரசு பொருளுதவி செய்தது. சாலை மேம்பாட்டுக் கணக்கில் அத்தொகை பதியப்பட்டதாம். படத்தின் பெயரிலேயே பாதை இருப்பது இதற்குப் பொருத்தம் போலும்! படத்தின் முடிவை மகிழ்ச்சியாக மாற்றலாகாதா என்ற யோசனையும் வந்தது. பணம் இல்லாமல் படம் நின்றுவிடக்கூடிய நிலை. ஒரு சிறு மாற்றத்திற்கு இசைந்திருந்தால் தொல்லை நீங்கியிருக்கும் என்றுகூட நமக்குத் தோன்றலாம். அவர் இசையவில்லை. துர்க்காவை இழந்த குடும்பம், இடிந்த வீட்டைவிட்டு மாட்டுவண்டியில் ஏறிக் காசிக்குப் புறப்படுவதே அக்கதையின் உண்மையான முடிவு. அதனை மாற்றினால், அதுவரை சொன்னவை அனைத்தும் பொய்யாகிவிடும்.

படம் 1955-இல் வெளிவந்தது. மறு ஆண்டு பிரான்ஸ் நாட்டுக் கான் நகரத்துத் திரைப்பட விழாவில், மனித வாழ்வின் சிறந்த ஆவணம் எனப் பரிசு பெற்றது. 'அபராஜிதோ' 1956-லும், 'அபுர் சன்சார்' 1959-லும் வெளிவந்து அபுவின் கதையை நிறைவு செய்தன.

இனி, அவர் நோக்கம் யாதாக இருந்தது என்பதைச் சிறிது பார்ப்போம். பிறர் கதையைத் திரைக்கு ஏற்பச் செம்மையாக அமைத்துப் பயின்றவர், தம் சொந்தக் கதையைத் தாமே திரைக்கென எழுதவும் விரும்பினார். அவ்விருப்பம் 1962-இல் 'காஞ்சன்ஜங்கா' என்னும் படத்தில் நிறைவேறியது. டார்ஜிலிங் மலைவாழிடத்தில் விடுமுறையின் கடைசி நாளைக் கழிக்கும் ஒரு செல்வக் குடும்பத்தைப் பற்றியது அது. படம் ஓடும் நேரமும் கதை நிகழும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே. வெயிலும் மூடுபனியும் மாறிமாறி வருவதற்கேற்ப மாந்தரின் மனநிலைகளும் மாறுகின்றன. நாவலாக இருந்து படமானதன்று. திரைக்காகவே பிறந்த கதை அது. தொழிலைத் தொடங்கிப் பல படங்களை உருவாக்கிய பின்னரே அவர் இதனைத் துணிந்தார் என்பது கவனிக்கத் தக்கது.

அவர் எழுதிய ஏடுகளும் சிறப்புடையவை. கடைக்காரர் கணக்கெழுதப் பயன்படுத்தும், சிவப்புத் துணி அட்டையிட்ட பேரேடுகளிலேயே தம் திரைக்கதைகளை எழுதிவந்தார். ஒரு பக்கத்தில் உரையாடல். அருகே கதைமாந்தரின் முகமும் உடையும் வரைந்த சித்திரம். வேறொரு மூலையில் அறையின் அமைப்பு. மற்றோரிடத்தில் இசைக் குறிப்பு. எழுத்து, ஓவியம், இசை என்னும் மூன்றும் ஒரே ஏட்டில் கூடி வாழ்ந்தன. 1992-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் மறையும் வரையில் அவர் சிந்தனையின் பட்டறை அவ்வேடுகளே.

இளைஞர்களே, இவ்வரலாற்றில் என் மனத்தைப் பெரிதும் கவர்வது கான் நகரத்துப் பரிசன்று. எழுதியும் படமாகாமற் கழிந்த அந்த ஆண்டுகளே என்னைக் கவர்கின்றன. விளம்பர அலுவலகத்தில் பகலெல்லாம் உழைத்து, மாலையில் எவரும் கேளாத திரைக்கதைகளை எழுதி, ஒப்பிட்டு, திருத்தி, ஒதுக்கிய அவ்வாண்டுகளை வீணென்று எவரும் எண்ணியிருக்கக்கூடும். அவர் பயின்ற கல்லூரி அதுவே. அக்காலத்தில் திரைப்படக் கலையைக் கற்பிக்கும் கல்லூரி அவருக்குக் கிட்டவில்லை. புனாவில் திரைப்படக் கல்லூரி 1960-இல்தான் தொடங்கப்பெற்றது. இன்றோ கல்லூரிகள் உள, நூல்கள் உள, உலகத்துப் படங்களை வீட்டிலிருந்தே காணும் வசதியும் உளது. காமிரா நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ஆனால், எழுதிப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும் பொறுமையை எக்கருவியும் நமக்காகப் பெற்றுத் தராது.

ஆகவே, திரைக்கு எழுத விழைவோர்க்கு ஒரு பயிற்சியைக் கூறி முடிக்கிறேன். 'பதேர் பாஞ்சாலி' நாவலை ஆர். சண்முகசுந்தரம் தமிழில் மொழிபெயர்த்துள்ளார். நூலகத்தில் அதனைத் தேடிப் பெற்றுப் படியுங்கள். இன்னும் படத்தைப் பார்க்காதீர்கள். நாவலில் உங்கள் நெஞ்சைத் தொட்ட ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, கண்ணாற் காண்பனவும் காதாற் கேட்பனவும் மட்டுமே இடம்பெறுமாறு நான்கு பக்கங்களில் எழுதுங்கள். 'அவன் நினைத்தான்', 'அவள் வருந்தினாள்' என்னும் சொற்களுக்கு அதில் இடமில்லை. எழுதியபின் படத்தைப் பாருங்கள். ரே அதே பகுதியை எவ்வாறு அமைத்தார், அல்லது ஏன் விட்டுவிட்டார் எனச் சிந்தியுங்கள். சில மாதங்கள் கழித்து உங்கள் நான்கு பக்கங்களை மீண்டும் எடுத்துப் படியுங்கள். குறைகள் தென்பட்டால் மனம் தளரவேண்டா. கண் கூர்மையடைந்திருக்கிறது என்பதற்கு அதுவே அறிகுறி. அடுத்து, நம் ஊரின் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு அவ்வாறே எழுதுங்கள். கதையை யாரிடம் கொடுப்பது என்னும் வினாவை, அத்தகைய ஏடுகள் பத்து நிரம்பிய பின் கேட்கலாம்.